கற்பிக்கப் போகிறவளின் வேதியியல்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பிளஸ் டூ முடிந்தது, பி.எஸ்சி. வேதியியல் சேரவேண்டும், பிறகு பி.எட். படித்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு வருத்தமும் இருக்கிறது. “டீச்சர் வேலைக்குத்தானே போகப் போறே? பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இத்தனை படிப்பு எதுக்கு?” என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்களாம். உன் அப்பாவிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன். என்ன இருந்தாலும் அவன் என் தம்பி. உனக்கு மட்டும் நிதானமாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையான வேதியியல், ஆலையில் வேலை பார்க்கத் தேவையான வேதியியலுக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. ஆலையில் இருப்பவர் தன் பிரிவுக்குரிய வினைகளைத் துல்லியமாக அறிந்திருந்தால் வேலை நடக்கும். ஆசிரியைக்கு எந்தப் பக்கத்திலிருந்து “ஏன்?” வரும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் கல்லூரியில் காலடி வைக்கும் நாளிலிருந்தே கற்பிக்கப் போகிறவளாகப் படி. ஆசிரியை ஆவதை பி.எட். வரை தள்ளிப்போடாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

கற்பிப்பதற்காகப் படித்தவர்களால்தான் வேதியியலே தெளிவடைந்தது. 1850-களில் அணு எது, மூலக்கூறு எது என்பதில் வேதியியலாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. கார்பனின் அணு எடை 6 என்பார் ஒருவர், 12 என்பார் இன்னொருவர். ஆக்சிஜனுக்கு 8 என்றும் 16 என்றும் இரண்டு கணக்கு. நீரின் வாய்பாட்டைக்கூட ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 1861-இல் வெளிவந்த கெக்குலேயின் பாடநூலில் அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே அன்று புழங்கிய 19 வாய்பாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நம் சமையலறை வினிகரில் இருக்கும் அமிலத்துக்கு இந்தக் கதி!

இத்தாலியில் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவோ கான்னிசாரோவுக்கு இந்தக் குழப்பத்தோடு வகுப்புக்குள் போகமுடியவில்லை. அவகாட்ரோ 1811-இல் சொல்லி, பெரும்பாலோர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த கருத்தை எடுத்தார். சம கனஅளவுள்ள வாயுக்களில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற கருத்துதான் அது. அதிலிருந்து படிப்படியாக அணு எடைகளை மாணவர்களுக்கு எப்படி வருவித்துக் காட்டுகிறேன் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதமாக எழுதி, 1858-இல் வெளியிட்டார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்களின் முதல் உலக மாநாடு நடந்தபோது அந்தக் கடிதத்தின் பிரதிகளை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். குழப்பம் தீரத் தொடங்கியது அங்கேதான்.

அந்த மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் மெண்டலீவ். பின்னாளில் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியரானபோது, மாணவர்களுக்குக் கொடுக்க ஏற்ற புத்தகம் இல்லை என்று தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். தெரிந்திருந்த 63 தனிமங்களை எந்த வரிசையில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்று யோசிக்கும்போதுதான் 1869-இல் தனிம வரிசை அட்டவணை பிறந்தது. அவர் வெறுமையாக விட்ட இடங்களில் 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் வந்து உட்கார்ந்தன. உன் வகுப்பறைச் சுவரில் தொங்கிய அட்டவணை, பாடம் எடுப்பதற்காக ஒரு வாத்தியார் யோசித்ததன் விளைவு. அடுத்த முறை யாராவது “டீச்சருக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு” என்று கேட்டால் இதைச் சொல்.

இனி வழியைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உனக்கு இரண்டு படிகள் உண்டு. 6 முதல் 10 வரை கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர். பள்ளிப் பேச்சில் பி.டி. அசிஸ்டெண்ட். இதற்கு பி.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாளும் தேறவேண்டும். 11, 12-ஆம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். இதற்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வை எழுதவேண்டும். பி.எஸ்சி. மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு. மைசூரில் என்.சி.இ.ஆர்.டி. 1963-இல் தொடங்கிய மண்டலக் கல்வி நிறுவனத்தில் பாடத்தையும் கற்பித்தலையும் சேர்த்துப் படிக்கும் நான்காண்டுப் படிப்பும் இருக்கிறது. தென்மாநிலப் பிள்ளைகளுக்கானது, நுழைவுத் தேர்வு உண்டு. அதையும் எழுதிப் பார். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சேலத்திலேயே வழி இருக்கிறது.

செர்ரி ரோட்டில் உள்ள அரசு கலைக் கல்லூரி 1857-இல் தொடங்கியது. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் வந்தபின் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் இருக்கின்றன. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. பி.எட். படிக்கக் குமாரபாளையத்தில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. இத்தனையும் நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான். நீ 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. பட்டப்படிப்பையும் தமிழ் வழியில் முடித்தால்தான் அது செல்லும். எந்தக் கல்லூரியில் வேதியியல் தமிழ் வழி வகுப்பு நடக்கிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கற்பிக்கப் போகிறவளாகப் படிப்பது என்றால் என்ன? நம்மூர் முறுக்கையே எடுத்துக்கொள். எத்தனையோ முறை பார்த்ததுதான், இப்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பார். பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று சத்தம், சுற்றிலும் நுரை. “எண்ணெய் கொதிக்குது” என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் எண்ணெய் கொதிக்கவில்லை. முறுக்குச் சட்டியில் எண்ணெய் ஏறக்குறைய 170, 180 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் அது கொதிக்காது. அதற்கும் மேலே சூடேற்றினால் கொதிக்கும் முன்பே புகைந்து சிதையத் தொடங்கும். மாவுக்குள் இருக்கும் தண்ணீர்தான் 100 டிகிரியைத் தாண்டியதும் நீராவியாகி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. சத்தமும் நுரையும் அதனுடையவை. தண்ணீர் தீரத் தீரச் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் எடுக்கலாம் என்று முறுக்குச் சுடுகிற அக்காவுக்குத் தெரியும். மொறுமொறுப்பு என்பதே தண்ணீர் வெளியேறிய மாவுதான். மேலே படியும் பொன்னிறம் இன்னொரு கதை. புரதத்தின் அமினோ தொகுதியும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிகழ்த்தும் அந்த வினையை 1912-இல் விவரித்தவர் மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர்.

இந்த ஒரு சட்டியில் வேதியியலின் மூன்று தளங்களும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் நுரை முதல் தளம். ஒன்றையொன்று பற்றியிருந்த நீர் மூலக்கூறுகள் விலகிப் பறப்பது இரண்டாவது தளம். அதை நாம் கண்ணால் பார்க்க முடியாது. நீர்மமான நீர் வாயுவாகிறது என்று அம்புக்குறி போட்டுத் தாளில் எழுதும் சமன்பாடு மூன்றாவது தளம். வேதியியல் பிள்ளைகளுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் தந்த விளக்கம் இதுதான். ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்று தளங்களிலும் தாவித் தாவிப் பேசுகிறார். அவருக்குப் பழகிய பாதை என்பதால் தாவுவது அவருக்கே தெரிவதில்லை. முதன்முறை கேட்கிற பிள்ளை எங்கே நிற்பது என்று தெரியாமல் திகைக்கிறது. திகைப்பைச் சொல்லத் தெரியாமல் மனப்பாடத்தில் போய் விழுகிறது.

உன் வகுப்பில் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: “மிஸ், அந்தக் குமிழிக்குள்ள என்ன இருக்கு?” சிலர் காற்று என்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சொல்லும். உலகத்தின் பல நாடுகளிலும் பிள்ளைகள் இப்படிச் சொல்வது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன, சூடாக்கினால் பிரிகிறது என்று அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நேர்மையாக யோசித்திருக்கிறது. “தப்பு, உட்காரு” என்று சொல்லிவிட்டால் அந்த யோசனை அங்கேயே நின்றுபோகும். பதில் உன் பி.எஸ்சி. புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்புகள் அத்தனையையும் அறுக்க 900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அடுப்புச் சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், ஆனால் தமக்குள் உடையாது. கேள்வி எட்டாம் வகுப்புடையது; அதற்குத் தைரியமாகப் பதில் சொல்ல பிணைப்பு ஆற்றலும் ஹைட்ரஜன் பிணைப்பும் தெரிந்திருக்கவேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

ஆகவே கல்லூரியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் உன்னையே மூன்று கேள்வி கேள். இதை நான் எதில் காட்டுவேன்? துகள் அளவில் என்ன நடக்கிறது என்று எப்படி வரைவேன்? பிள்ளைகள் இதை எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார்கள்? இதற்கென்று ஒரு தனி நோட்டு வைத்துக்கொள். மூன்றாண்டு முடியும்போது கடையில் விற்கும் எந்த கைடிலும் இல்லாத ஒரு புத்தகம் உன் கையில் இருக்கும்.

காட்டுவதற்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகள் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மோல் கணக்கு என்றதும் பத்தாம் வகுப்பே பயப்படும். இந்தக் கல்லை வைத்துத் தொடங்கு. சுத்தமான கல் 84 கிலோவைச் சூளையில் சுட்டால் 40 கிலோ மக்னீசியாதான் மிஞ்சும். பாதிக்கு மேல் எடையைக் காணோம். யார் எடுத்தது? 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விட்டது. 84 = 40 + 44. நிறை அழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மிஞ்சிய மக்னீசியா 2800 டிகிரி வரை உருகாது, அதனால்தான் அதில் செய்யும் செங்கல் எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்குப் போகிறது. தன் ஊர்க் கல்லின் எடையைக் கணக்கிட்ட பிள்ளைக்கு அடுத்த கணக்கில் சுண்ணாம்புக்கல் வந்தால் பயம் இருக்காது.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இன்னொரு பாடம். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் படியவிட்டு, மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பதை நீ பார்த்திருக்கிறாய். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் வந்தது முதல் சேலத்து ஜவ்வரிசி நாடெங்கும் போகிறது. இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தொட்டியில் படியும் பாலில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம். ஸ்டார்ச்சுக்கு அதுவே அடையாளம். இன்னும் ஆழமாகப் போகலாம். குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்த ஆடு ஏன் செத்துப்போகிறது என்று ஒரு பிள்ளை கேட்கும், அந்த வீட்டில் அது நடந்திருக்கும். தழையிலும் தோலிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. மெல்லும்போது திசு நசுங்கினால் செடியிலேயே இருக்கும் நொதி அதைப் பிளக்கும். முடிவில் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். அது 26 டிகிரியிலேயே கொதிப்பது, நீரிலும் கரைவது. கிழங்கைத் தோல் சீவி, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் நம் வழக்கத்துக்குக் காரணம் இதில் இருக்கிறது. நொதி, நீராற்பகுப்பு, கொதிநிலை, கரைதிறன் என்று நான்கு பாடங்கள் ஒரு கேள்வியில் வந்துவிட்டன. சயனைடை வகுப்பில் செய்து காட்ட நினைக்காதே. சொல்லி விளக்கினால் போதும்.

ஒன்று கவனத்தில் இருக்கட்டும். ஜவ்வரிசியை வெளுப்பாகக் காட்ட ரசாயனம் சேர்ப்பதாகச் செய்தி வரும், சோதனை நடக்கும். சாயக்கழிவு கலந்த திருமணிமுத்தாறு கண்முன்னே ஓடுகிறது. உன் மாணவர்களின் அப்பாவும் அம்மாவும் அந்த ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் கூலி வாங்குகிறவர்கள். பயமுறுத்தவும் கூடாது, மூடி மறைக்கவும் கூடாது. எந்தப் பொருள், எந்த அளவு, என்ன செய்யும் என்று அளந்து சொல்லவேண்டும். வீட்டுக்கு வீடு போர் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, ஒரே அளவு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினால் எதில் நுரை வருகிறது என்று ஆறாம் வகுப்பே பார்த்துச் சொல்லும். பத்தாம் வகுப்புக்கு எண்ணைக் கொடு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர அமைவனம் சொல்கிறது. கல்லூரியில் ஈ.டி.டி.ஏ. கரைசல் கொண்டு இதை அளக்கச் சொல்லித்தருவார்கள். அன்றைக்கு நம் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய் அள.

ஆய்வகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செய்முறைத் தேர்வில் விடை வந்தால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உனக்கு அது போதாது. நாளைக்கு உன் பள்ளியில் உதவியாளர் இருப்பார் என்று சொல்லமுடியாது. கரைசல் தயாரிப்பது, புட்டியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது, எந்த அமிலத்தை எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று பார்ப்பது, கொட்டியதைத் துடைப்பது எல்லாம் உன் கையில் வரும். கல்லூரியில் ஆய்வக உதவியாளரிடம் போய் நில். அவர் கையிலுள்ள பழக்கம் புத்தகத்தில் இருக்காது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, ரப்பர் பல்பு கேட்டு வாங்கு. இந்த இரண்டிலும் உனக்கு விலக்கே கிடையாது. பிள்ளைகள் நீ சொல்வதை மறந்தாலும் நீ செய்வதை அப்படியே செய்வார்கள்.

தரம் பார்த்தலைக் கொஞ்சம் உற்றுப் பார். ஒரு லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்தால் 0.1 நார்மல் என்று கணக்கு சொல்கிறது. பிறகு எதற்கு அதை ஆக்சாலிக் அமிலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்? இதைக் கேட்காமலே பட்டம் வாங்கிவிடுகிறவர்கள் ஏராளம். தராசில் வைத்த சில நொடிகளிலேயே சோடியம் ஹைட்ராக்சைடு வில்லை ஈரம் கோத்துப் பளபளக்கத் தொடங்கும். காற்றிலிருந்து தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் அது இழுத்துக்கொள்கிறது. 4 கிராம் என்று நிறுத்ததில் எவ்வளவு காரம், எவ்வளவு ஈரம் என்று சொல்லமுடியாது. ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படி மாறாது, லிட்டருக்கு 6.3 கிராம் என்றால் 6.3 கிராம்தான். நம்பத் தகுந்த ஒன்றை வைத்துத்தான் நம்பமுடியாததை அளக்கவேண்டும். இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு பியூரெட்டைக் கையில் கொடு. கடைசிச் சொட்டில் குடுவை முழுக்க வெளிறிய இளஞ்சிவப்பாக மாறும்போது அந்தப் பிள்ளை எதைக் கண்டுபிடித்தது என்று அதற்கே தெரியும்.

இன்னொரு விஷயம். பட்டதாரி ஆசிரியை ஆனால் வேதியியல் மட்டும் எடுக்கமாட்டாய். இயற்பியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் உன் தலையில்தான். டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கும் அறிவியலும் சேர்ந்து 60. அதில் வேதியியலின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். ஆகையால் கல்லூரியில் துணைப்பாடத்தை, தேறினால் போதும் என்று விடாதே. பூவின் பாகமும் மின்சுற்றும் உன் வகுப்பறைக்கு வரப்போகிறவை.

பி.எட்.டில் இரண்டாண்டுக்குள் 20 வாரமாவது பள்ளியில் போய்க் கற்பிக்கவேண்டும் என்பது விதி. பாடத்திட்டக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு அந்த நாட்களை முடித்துவிடாதே. பிள்ளைகளின் விடைத்தாளை வாங்கித் தவறான விடைகளை மட்டும் எழுதிவை. உப்பைத் தண்ணீரில் போட்டால் ‘மறைந்துவிடும்’ என்று எழுதுகிற பிள்ளையும், ‘உருகிவிடும்’ என்று எழுதுகிற பிள்ளையும் வேறு வேறு இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நிறை அழியாது என்று தராசில் காட்டவேண்டும். மற்றவருக்குக் கரைவதும் உருகுவதும் வேறு என்று காட்டவேண்டும். இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால் இருவருமே கற்கமாட்டார்கள்.

தமிழில் பாடம் எடுக்கப் போகிறோமே, கல்லூரிப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று கேட்டிருந்தாய். இதில் உனக்கு முன்னோர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூலை 1875-இல் கொண்டுவந்தார். நம் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, அறிவியலைத் தமிழில் சொல்வதற்கென்று 1916-இல் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். பின்னால் ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். அவர் வேதியியல் பட்டதாரி அல்ல. தெரிந்துகொண்டதைப் பக்கத்து வீட்டாருக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்ற அக்கறையே எழுதவைத்தது. நீ ஆங்கிலத்தில் வாசி, தயங்காமல் வாசி. அன்றிரவே அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார். அம்மா எந்த இடத்தில் “அப்படின்னா?” என்று கேட்கிறாளோ, அங்கே உனக்கும் இன்னும் தெளிவு வரவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் படி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ இதழை வாசி. பிள்ளைகளோடு அறிவியல் பேசும் நடை அதில் பழகும்.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். டெட் தேறினால் உடனே வேலை என்பது இல்லை. அதற்குப் பிறகு நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. வருகிறபோது பணியிடம் சிலவும் எழுதுகிறவர்கள் பலருமாக இருப்பார்கள். விதிகளும் மாறும், அறிவிப்பில் உள்ளதே இறுதி. இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்க நேரலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே வா. என் யோசனை, முடிந்தால் எம்.எஸ்சி.யையும் முடித்துவிடு. இரண்டு படிகளுக்கும் கதவு திறந்திருக்கும். காத்திருக்க நேர்ந்தாலும் வேதியியல் பட்டதாரிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், சாயப்பட்டறை, மருந்து ஆலை, உணவுத் தொழிற்சாலை என்று சம்பாதிக்க இடம் உண்டு. ஆனால் ‘வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் டீச்சர்’ என்று மட்டும் வராதே. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் வேதியியலை முதல் விருப்பமாகப் போடு. 6 முதல் 10 வரையுள்ள அறிவியல் புத்தகங்களை எடுத்து, வேதியியல் பாடங்களை மட்டும் வரிசையாகப் படி. மாணவியாக இல்லாமல், நாளைக்கு இதை நடத்தப்போகிறவளாகப் படி. ‘இதை நான் நம்பினேன், ஆனால் ஏன் என்று தெரியாது’ என்று தோன்றும் ஒவ்வொரு வரியின் கீழும் பென்சிலால் கோடு போடு. நிறைய விழும், விழட்டும். அந்தக் கோடுகள்தான் உன் பி.எஸ்சி. பாடத்திட்டம். பல்கலைக்கழகம் தருகிற பாடத்திட்டத்தை அவற்றுக்குப் பதில் தேடிக்கொண்டே படித்தால், பட்டம் வாங்குகிற நாளில் நீ ஏற்கெனவே ஆசிரியைதான். அரசாணை வருவது மட்டும்தான் பாக்கி இருக்கும்.

அன்புடன்,
உன் அத்தை